பாலம் தாண்டி நின்ற வண்டி

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க, செக்ரட்டரி. இந்தப் பக்கம் வேண்டாம். இது ஊசி ஏறின கை. தெரியாமல் தட்டிவிட்டீங்க என்றால் அமலி சிஸ்டர் உங்களையும் சேர்த்துத் திட்டும். அந்தப் பக்கம் போங்க. ம்.

விழாப் பத்திரிகையை மேசையில் வைங்க. படித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, வேப்பங்குளம் பள்ளிக்கூட மைதானம். ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற எங்கள் ஊர்த் தங்கம் காளீஸ்வரிக்குப் பாராட்டு விழா. வெண்கலம் வாங்கினவளைத் தங்கம் என்று யார் எழுதினது? நீங்களா? பால் சொசைட்டி செக்ரட்டரி எழுதினால் இப்படித்தான் இருக்கும். சரி, இருக்கட்டும். கீழே பேனாவால் ஒரு வரி. 'எட்டேகால் வண்டி டிரைவர் குருவையா அவர்கள் மேடையில் கௌரவிக்கப்படுவார்.' அச்சடித்த பிறகு எழுதினது. யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள், அந்த டிரைவர் உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்க என்று. இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் இந்த மிஷினோடு இருக்கிறேன்.

வருவேனா மாட்டேனா என்று கேட்டால் உடனே பதில் கிடையாது. என்ன அவசரம்? பால் திரிந்துவிடுமா? எனக்கு நாலு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நான் எங்கேயும் எழுந்து போக முடியாது. நீங்க போகலாம். ஆனால் பதில் வேண்டும் என்றால், அன்றைக்கு இந்த ரூமில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்க. டிவியில் வந்தது உங்க ஊருக்கே தெரியும். இங்கே நடந்தது தெரியாது.

மணி என்ன? பன்னிரண்டே முக்கால்தானா? சரி.

இங்கே நாலு கட்டில், நாலு மிஷின், ஒரு டிவி. ரத்தம் வெளியே போய், கழுவி, திரும்ப உள்ளே வரும். வண்டிக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி. என்ன, வாரத்துக்கு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. பக்கத்தில் தூங்குகிறதே, அது ரெஜினா. டெய்லர். ஜன்னல் ஓரம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்திருக்கிறாரே, அவர் கோமதிநாயகம். வி.ஏ.ஓ.வாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாலாவது கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்காதீங்க.

டிவி ரிமோட்டுக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் ஊசி குத்திக்கொள்கிறார்களோ, அவர்கள் கையில் ரிமோட். சிஸ்டர் வைத்த சட்டம். அதனால் நான் எல்லாருக்கும் முன்னால் வந்து கையை நீட்டிவிடுவேன். ரெஜினாவுக்கு சீரியல் வேண்டும். வி.ஏ.ஓ.வுக்கு நியூஸ் வேண்டும். எனக்கு விளையாட்டு. கபடி, ஹாக்கி, ஓட்டம், எதுவானாலும் சரி. கிரிக்கெட் மட்டும் வேண்டாம். நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பான்கள். எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று. இங்கே யாரும் கை தட்ட முடியாது. ஒரு கையில் ஊசி. அதனால் சந்தோஷம் வந்தால் இன்னொரு கையால் கட்டில் கம்பியைத் தட்டுவோம். டங் டங் என்று. மெடல் வந்தால் நாலு கட்டிலும் கேட்கும். அப்படி ஒரு வழக்கம் ஆகிவிட்டது.

காளீஸ்வரி பெயர் ஆசிய விளையாட்டு லிஸ்டில் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். "இந்தப் பிள்ளையை ஓட வைத்ததே நான்தான்" என்று.

வி.ஏ.ஓ. சிரித்தார். "நீரு பஸ்ஸத்தான ஓட்டுனீரு? பிள்ளையவுமா ஓட்டுனீரு?"

"பஸ்ஸை ஓட்டித்தான் பிள்ளையை ஓட வைத்தேன். அது உமக்குப் புரியாது" என்றேன்.

ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்கும் தெரியாதா அந்தக் கதை? நீங்க அப்போது ஊரில் இல்லை போல. கேளுங்க.

நான் ஓட்டினது தனியார் வண்டி. பச்சை வண்டி என்றால் அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். உங்க ஊர் ரோடு பிரிகிற வேப்பங்குளம் விலக்குக்கு எட்டேகாலுக்கு வருவேன். எனக்கு முன்னால் ஆறே முக்காலுக்கு ஒரு அரசு பஸ். எனக்கு அப்புறம் பத்து மணிக்குத்தான் அடுத்தது. எட்டேகாலுக்கு விலக்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது, இருபத்தைந்து நிற்கும். எல்லாம் அரை டிக்கெட். ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும். அடுத்த ஊரில் முழு டிக்கெட் ஆள் ஏற இடம் இருக்காது. ஏற்றி முடிப்பதற்குள் மூன்று நிமிஷம் போய்விடும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் டைம் ஒன்பது மணி நாலு நிமிஷம். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் வருகிறவன் சட்டையைப் பிடிப்பான்.

அதனால் விலக்கில் நிறுத்த மாட்டேன். தாண்டிப் போய் நிறுத்துவேன். இறங்குகிற ஆளை இறக்கிவிட வேண்டுமே. முதலில் டீக்கடை வரைக்கும் போய் நிறுத்தினேன். பிள்ளைகள் ஓடி வந்து பிடித்துவிட்டன. அப்புறம் கரண்டு கம்பம் வரைக்கும். அதையும் பிடித்தன. கடைசியில் பாலம் தாண்டி. இருநூறு மீட்டர் இருக்கும். அங்கே முப்பது நொடி நிற்கும் வண்டி. சேர்மக்கனி, அவன்தான் கண்டக்டர், விசில் ஊதுவான். எடுத்துவிடுவேன். நான் மட்டும் இல்லை, அந்த ரோட்டில் எல்லா டிரைவரும் அப்படித்தான். வேண்டுமானால் விசாரியுங்க.

அதுகளும் லேசுப்பட்டதுகள் இல்லை. பாலத்துக்குப் போய் நின்றுகொள்ளும். அன்றைக்கு மட்டும் நான் விலக்கிலேயே நிறுத்திவிட்டு, பாலத்தில் நிற்காமல் போவேன். கையைக் கையை ஆட்டும். இது ஒரு விளையாட்டு மாதிரி. நான்கு வருஷம் நடந்தது.

அதில் ஒருத்தி. எலும்பும் தோலுமாக இருப்பாள். செருப்பு கிடையாது. நான் எங்கே நிறுத்தினாலும் பிடித்துவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள்தான் காளீஸ்வரி. இதைத்தான் இவர்களிடம் சொன்னேன். "தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கோச்சு செய்கிற வேலை அதுதானே?" என்று. ரெஜினாவுக்கு வாயெல்லாம் பல். "அண்ணாச்சிக்குத் துரோணாச்சாரியார் அவார்டு குடுக்கணும்" என்றது.

அப்போது நான் இன்னொன்றும் சொன்னேன். வி.ஏ.ஓ. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், மறைக்க முடியாது. "அவளோடு ஒரு அக்காக்காரி வருவாள். அது சோம்பேறி. ஓடவே ஓடாது. கண்ணாடியில் பார்ப்பேன், ஆடி அசைந்து நடந்து வரும். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஒன்று ஓடுது, ஒன்று நிக்குது. எல்லாம் அவரவர் புத்தி" என்றேன்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன்.

இருங்க, இந்தப் பட்டை கையை இறுக்குகிறது. அரை மணிக்கு ஒரு தடவை அதுவாகவே இறுக்கி பிபி பார்க்கும். பேசினால் கூடும் என்பார்கள். பேசாவிட்டாலும் கூடுகிறது. எவ்வளவு? நூற்று ஐம்பதா? பரவாயில்லை.

ஃபைனல் என்றைக்கு என்று தெரிந்தது. மதியம் மூன்று நாற்பது. அப்போது எனக்குக் காலை ஷிப்ட். ஆறு மணியிலிருந்து பத்து வரை. வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்திருக்கலாம். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு மதியம் ஷிப்ட். இவர்கள் இல்லாமல் பார்த்து என்ன பிரயோஜனம்? சிஸ்டரிடம் கெஞ்சி எனக்கும் மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். கெஞ்சினேன் என்றா சொன்னேன்? கேட்டேன்.

அன்றைக்குக் காலையில் ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். டிவியைப் போட்டேன். துப்பாக்கி சுடுகிறான்கள். நம்ம பையன் ஒருத்தன் எல்லாம் நன்றாகச் சுட்டுவிட்டுக் கடைசியில் கோட்டைவிட்டான். கொஞ்சம் மூச்சை விட்டு, நிதானித்துச் சுட்டால் என்ன? என்ன அவசரம்? அப்படி எங்கே போக வேண்டும் அவனுக்கு? மருமகள் காபி கொண்டு வந்து, "மாமா, அவனுக்குக் கேக்காது, எங்களுக்குத்தான் கேக்குது" என்றாள். அதுவும் அரை டம்ளர் காபி. எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காபி, குழம்பு, மோர் எல்லாம் அதில் அடக்கம்.

அப்புறம் படகு. நாலு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான்கள். எங்கே போகிறோம் என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. அதில் வெள்ளி. அப்புறம் குதிரை. ஓடுவது குதிரை, மெடல் மனுஷனுக்கு. அப்புறம் பெண்கள் கபடி. அதில் ஒரு பிள்ளை கோட்டைத் தொட அரை விரல்கடை இருக்கும்போது பிடித்துவிட்டான்கள்... விட்டாள்கள். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். உட்காரு, நில், சேனலை மாற்று, திரும்ப மாற்று. பத்து மணிக்குள் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. காளீஸ்வரிக்கு மூன்று நாற்பதுக்குத்தான். நடுவில் இருக்கிற நேரம் நகரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கே ஆட்டோவைப் பிடித்து இங்கே வந்து கையை நீட்டிவிட்டேன். ரிமோட் எனக்கு.

மூன்று மணிக்கு ஆண்கள் ஹாக்கி அரையிறுதி ஓடிக்கொண்டிருந்தது. பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னர், ஒன்றும் உள்ளே போகவில்லை. பிபி நூற்று எண்பது. சிஸ்டர் வந்து டிவிக்குக் குறுக்கே நின்றது.

"தாத்தா, இன்னொரு தடவ இப்படி ஏறுச்சுன்னா டிவிய அமத்திருவேன். நீங்க என்ன அங்க போயா ஆடப் போறீங்க?"

"அமத்து. ஊசியைப் பிடுங்கிவிட்டு டீக்கடைக்குப் போய்ப் பார்ப்பேன்."

"போங்க. ஒரு குடம் ரத்தத்தையும் மிஷின்ல விட்டுட்டுப் போங்க."

இப்படித்தான் பேசும் அது. நல்ல பிள்ளை.

மூன்று முப்பத்தைந்துக்கு எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். நம்ம பிள்ளை இரண்டாவது லேன். ஒவ்வொருத்தி முகத்தையும் காட்டினான். மற்றவள்கள் எல்லாம் கையை ஆட்டினாள்கள், சிரித்தாள்கள். இவள் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்தாள். ரோடு என்றா சொன்னேன்? டிராக்கை.

"அண்ணாச்சி, நம்ம பிள்ள பயந்திருக்கு போல" என்றது ரெஜினா.

"பயமா? அந்தப் பிள்ளைக்கா? அது வண்டி எங்கே நிற்கும் என்று பார்க்கிறது" என்றேன்.

துப்பாக்கியை வெடித்தார்கள். ஓடினாள்கள். நானூறு மீட்டர் ஓட்டம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு சுற்று. முதல் பாதியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது, ஆளுக்கு ஒரு இடத்திலிருந்து கிளம்புகிறதால். கடைசித் திருப்பத்தில்தான் தெரியும். அங்கே பார்த்தால் இவள் ஐந்தாவது. எனக்கு உயிரே போய்விட்டது. "எட்டி ஓடு! வண்டியை எடுத்துருவேன், ஓடு!" என்று கத்தினேன். என்னையறியாமல் வருகிறது வார்த்தை. கடைசி நூறு மீட்டர். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். நான் ஊசிக் கையை மடக்கிவிட்டேன் போல. மிஷின் கிய்யா கிய்யா என்று கத்துகிறது. சிஸ்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்து நீட்டிக்கொண்டு, அதுவும் டிவியைப் பார்க்கிறது. மூன்றாவது! தலையை நீட்டி விழுந்தாள். ஒரு தலைமயிர் வித்தியாசம். போட்டோ பார்த்துத்தான் சொன்னான்கள். வெண்கலம்.

நாலு கட்டில் கம்பியும் அதிர்ந்தது. நாலாவது கட்டிலில் அன்றைக்கு முதல் தடவையாக வந்த ஆள், யார் என்ன என்று தெரியாமல், அவரும் தட்டினார். வெளியே உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வி.ஏ.ஓ. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? நெற்றியில் வைத்தார். "ஒத்துக்கிட்டேன்வே, குருவையா" என்றார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் எதையும் ஒத்துக்கொண்டது கிடையாது.

என்ன வி.ஏ.ஓ., சொன்னீரா இல்லையா? ...பார்த்தீங்களா, தலையை ஆட்டுகிறார்.

அதோடு டிவியை அமத்தியிருக்கலாம். ரிமோட் என் கையில்தான் இருந்தது. அமத்தவில்லை. அவள் பேச வருவாள், அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லுவாள் என்று எனக்கு உள்ளே ஒரு இது. சொல்லாமல் இருக்க மாட்டாள். நாலு வருஷம்.

ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்து தமிழிலேயே கேட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தோளில் கொடி. "எங்க ஓட ஆரம்பிச்சீங்க, காளீஸ்வரி?"

"எங்க ஊர் ரோட்டுலதான் சார். ஒரு பச்ச பஸ் வரும். எட்டேகாலுக்கு. ஸ்டாப்பிங்ல நிக்காது. பாலந்தாண்டித்தான் நிக்கும். ஓடித்தான் ஏறணும்."

ரெஜினா கம்பியை ஒரு தட்டுத் தட்டியது. சிஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கியது. "தாத்தா! நீங்கதான்!"

அந்தப் பையன் சிரித்தான். "அப்போ அந்த டிரைவர்தான் உங்க முதல் கோச்சுன்னு சொல்லுங்க!"

நான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. "இல்ல சார். எங்க அக்காதான்" என்றாள்.

மீதியை நீங்களும் கேட்டிருப்பீங்க. கேட்டீங்க இல்லையா? எத்தனை தடவை? நான் ஒரு தடவைதான் கேட்டேன். அப்படியே இருக்கிறது. "ரெண்டு பேர் பையையும் அக்கா வாங்கிக்கிடும் சார். சாப்பாட்டுத் தூக்கையும் வாங்கிக்கிடும். நீ வெறுங்கையா ஓடிப் போயி பஸ்ஸ நிறுத்துட்டி, நான் வந்துருதேன்னு சொல்லும். நான் ஓடிப் போயி, படியில ஒரு கால வச்சுக்கிட்டு, அக்கா வாரா அக்கா வாரான்னு கத்துவேன். அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துருவாங்க. என் பை அவகிட்டயே இருக்கும். ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து இன்டர்வெல்லுல என் பையக் குடுத்துட்டு, அவ கிளாஸுக்கு வெளிய போய் நிப்பா. லேட்டா வந்ததுக்கு. பத்தாவதோட நின்னுட்டா சார். நான் ஒரு நாளாவது அந்த பஸ்ஸ நிறுத்தியிருந்தேன்னா அவளும் படிச்சிருப்பா. எனக்கு ஓடத்தான் தெரிஞ்சது. நிறுத்தத் தெரியல."

அதோடு அழுதுவிட்டாள். விளம்பரம் போட்டுவிட்டான்கள். சோப்பு விளம்பரம்.

ஒன்று கவனித்தீங்களா? என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. தப்பெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டாள். இது என்ன நியாயம்? அந்த வண்டிக்கு பிரேக் என் காலுக்கடியில் இருந்தது. பதினோரு வயதுப் பிள்ளை எப்படி நிறுத்தும்? அவள் திட்டியிருந்தால் நான் இங்கே படுத்துக்கொண்டே திருப்பித் திட்டியிருப்பேன். ஒன்பது நாலு டைமைப் பற்றிச் சொல்லியிருப்பேன். எனக்கும் பதில் இருந்தது, செக்ரட்டரி. கேட்கத்தான் ஆள் இல்லை.

வி.ஏ.ஓ. ஏதாவது குத்தலாகச் சொல்லுவார், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. சோம்பேறி என்று நான் சொன்னதை யாராவது ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரெஜினா மெல்லக் கேட்டது. "அண்ணாச்சி, சீரியல் போடட்டுமா?"

ரிமோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பட்டை இறுக்கிப் பார்த்தால் பிபி தொண்ணூறு. சிஸ்டர் பதறிப்போய்க் கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தி, காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டது. எனக்குக் கண்ணெல்லாம் ஒரே தண்ணீர். தண்ணீர் நிறைய எடுத்துவிட்டார்கள் அன்றைக்கு. மூன்று கிலோ. அப்படி எடுத்தால் யாருக்கும் இறங்கத்தான் செய்யும். அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

மணி என்ன? ஒன்றரையா? இருங்க, முடித்துவிடுகிறேன்.

மறுநாள் எனக்கு மிஷின் கிடையாது. வீட்டில் இருக்க முடியவில்லை. டிவியில் மல்யுத்தம் ஓடியது, பார்க்கப் பிடிக்கவில்லை. காற்றாட எங்கேயாவது போகலாம் என்று பஸ் ஏறினேன். எங்கே போவது? கால் பழகின ரோடு அதுதானே. உங்க விலக்கில் இறங்கினேன். இப்போது அந்தப் பத்து மணி வண்டி விலக்கிலேயே நிற்கிறது, தெரியுமா? எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எடுத்தான். சின்னப் பையன் டிரைவர். அவனுக்கு டைம் எப்படிக் கிடைக்கிறதோ.

விலக்கிலிருந்து பாலம் வரைக்கும் நடந்து பார்த்தேன். சும்மாதான். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். கையில் ஒன்றும் இல்லை. எனக்கு வயது எழுபத்தொன்று, கிட்னியும் இல்லை. அவளுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து இருக்கும். இரண்டு பை, இரண்டு தூக்கு. ஓடினால் குழம்பு சிந்திவிடும் இல்லையா? அதனால்தான் நடந்திருக்கிறாள். ஆடி அசைந்து இல்லை. சிந்தாமல் நடந்திருக்கிறாள். இடது பக்கக் கண்ணாடியில் தினமும் பார்த்தவன் நான். நாலு வருஷத்தில் எனக்கு அது தெரியவில்லை. கண்ணாடி சின்னக் கண்ணாடி. தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது.

போதும். இப்போது விழாவுக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோதுப்படாது. டயாலிசிஸ் இருக்கிறது. என்ன வி.ஏ.ஓ.? ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாதா? உம்மை யார் கேட்டது? சும்மா படும்.

சரி, டயாலிசிஸ் இல்லை. ஆனால் வெயில். அப்புறம் சால்வை போர்த்துவீங்க, கலர் சோடா உடைத்துக் கொடுப்பீங்க. எனக்கு முக்கால் லிட்டர்தான். குடிக்காவிட்டால் மரியாதை இல்லை என்பீங்க. மைக்கைக் கையில் கொடுப்பீங்க. அந்தப் பிள்ளை பக்கத்தில் நிற்கும், நீங்க எல்லாரும் கை தட்டுவீங்க, கோச்சு என்று எவனாவது சொல்லித் தொலைப்பான். வேண்டாம். அந்த வரியை அடித்துவிடுங்க. காளீஸ்வரியிடம் சொல்லுங்க, ஓடினது அவள், அவள்தான் ஓடினாள், டிரைவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று.

என்ன?

காளீஸ்வரி கூப்பிடச் சொல்லவில்லையா? பின்னே யார் போன் பண்ணினது?

அக்காவா?

...அவள் பெயர் என்ன? பூமாரியா. பூமாரி. இத்தனை நாள் எனக்குத் தெரியாது. என்ன செய்கிறாள்? நூல் மில்லிலா. இத்தனை வருஷமாக அங்கேதானா? பிள்ளை இருக்கிறதா? ஒரு பையனா. சரி. பள்ளிக்கூடம் போகிறானா? சரி.

எதற்குக் கூப்பிடச் சொன்னாள்? திட்டவா? திட்டுவதென்றால் சொல்லிவிடுங்க, தாராளமாக வருகிறேன். அது எனக்குச் சௌகரியம்.

திட்டுவதற்கு இல்லையா. பிறகு எதற்கு?

நிஜமாகவா சொன்னாள்? இன்னொரு தடவை சொல்லுங்க. அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்க, நீங்க சேர்த்துச் சொல்லாதீங்க.

"அந்த டிரைவர் மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல. பஸ்ஸோட முதுகத்தான் பார்த்திருக்கேன். ஒரு தடவ பார்க்கணும்."

இவ்வளவுதானா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

சிஸ்டர், இந்தப் பட்டையை ஒரு நிமிஷம் எடு. இறுக்குகிறது. இறுக்கவில்லையா? சரி, இருக்கட்டும் போ.

செக்ரட்டரி, மேடையில் எனக்கு நாற்காலி போட வேண்டாம். படி ஏற முடியாது. முழங்கால் சரியில்லை, அவ்வளவுதான் காரணம். பேனாவால் எழுதின அந்த வரியை அடித்துவிடுங்க. சால்வை வேண்டாம், மைக் வேண்டாம். அவளுக்கு எங்கே இடம் போட்டிருக்கீங்க? முன் வரிசையா? அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்க. சாதாரண நாற்காலி. நான் ஒன்றும் பேச மாட்டேன். என்ன பேசுவது? மன்னிப்பு கின்னிப்பு என்று நீங்களாக எதையும் ஊரில் போய்ச் சொல்லாதீங்க. அவளுக்குப் பார்க்க வேண்டும். பார்க்கட்டும். பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனால் போகட்டும்.

பத்து மணிக்குத் தொடங்குமா? மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வருகிறாளா? அப்படியானால் பிந்தும் என்கிறீங்க. பதினொன்று ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம் என்கிறீங்க.

ஆகட்டும். நான் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவள் வருகிற வரைக்கும் இருக்கிறேன்.